ரப்பர் பேண்ட் போட்ட டம்ளர்

ரெஜினா டீச்சர் இறந்துபோன செய்தி ரெஜினா டீச்சரின் எண்ணிலிருந்துதான் வந்தது.

அப்போது நான் விமான நிலையத்தில், பெட்டிகள் ஓடும் பெல்ட்டின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அங்கே மேற்பார்வை வேலை. மற்றவர்கள் பெட்டி தூக்கும்போது நின்று கத்துவதற்குச் சம்பளம். பெற்றோர் குழுவில் டீச்சரின் பெயர் போட்டு ஒரு செய்தி வந்திருப்பதாகப் போன் காட்டியது. சாயங்காலமானால் அவரிடமிருந்து ஒன்று வரும், உங்களுக்குத்தான் தெரியுமே. 'நாளைக்கு ஆளுக்கு ஒரு பழைய சாக்ஸ்.' 'நாளைக்கு ஒரு கைப்பிடி பட்டாணி, உரிக்காதது.' 'நாளைக்கு ஒண்ணும் வேண்டாம், பிள்ளைகளை மட்டும் அனுப்புங்க.' டெங்குக் காய்ச்சலில் அவர் படுத்ததிலிருந்து அந்தச் செய்தி நின்றுபோயிருந்தது. அதனால் அவர் பெயரைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். கூட நின்ற தீபக்கிடம், "டீச்சர் தேறிட்டாங்கப்பா, நாளைக்கு உருளைக்கிழங்கோ சாக்ஸோ கேட்டிருப்பாங்க" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் பெருமையடித்துக்கொண்டேன். பிறகுதான் திறந்தேன். எழுதியிருந்தது அவருடைய கணவர் ஜெபராஜ் அண்ணன். 'ரெஜினா மதியம் போயிட்டா. ஜெபம் பண்ணிக்கோங்க.'

பெல்ட்டில் பெட்டிகள் சுற்றிச் சுற்றி வந்தன. யாரும் எடுக்காத ஒரு சிவப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். அழுகைகூட வரவில்லை. 'ஐயோ, தர்ஷினியை இனி என்ன செய்வேன்' என்றுதான் முதலில் தோன்றியது. ஒருவர் செத்த செய்தி கேட்டதும் தன் பாட்டை நினைப்பவன் எப்படிப்பட்டவன் என்று கேட்காதீர்கள். அப்படிப்பட்டவன்தான்.

நினைவுக் கூட்டத்தில் வாசிக்க ஏதாவது எழுதித் தரும்படி ஜெபராஜ் அண்ணன் கேட்டார். பிளஸ் டூவை இரண்டாம் முயற்சியில் தாண்டியவனிடம் இதைக் கேட்டது அவருடைய துக்கத்தின் அளவைக் காட்டுகிறது.

தில்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்கு வந்த புதிதில், தரைத்தளத்தில் ஒரு வீட்டு ஹாலில் சின்னப் பிள்ளைகள் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். யாரோ வேலைக்காரர்களை மிகவும் சின்ன வயதிலேயே பழக்குகிறார்கள் என்று வித்யாவிடம் ஜோக் அடித்தேன். வித்யா என் மனைவி, அவள் சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் இரண்டாவது பள்ளிக்கூடமும் எங்கள் மகளை வேண்டாம் என்று சொல்லியிருந்தது. தர்ஷினிக்கு அப்போது மூன்று வயது தாண்டியிருந்தது. பேச்சு வரவில்லை. அதோடு இரண்டு கைகளையும் எப்போதும் இறுக்கி மூடி வைத்திருப்பாள். ஈரமாக, பிசுபிசுப்பாக எது பட்டாலும் அலறுவாள். டாக்டர் பார்த்தார், காது நன்றாகக் கேட்கிறது என்றார், பயிற்சி கொடுங்கள் என்றார். எங்கே போய்க் கொடுப்பது? வித்யா அவளைத் தூக்கிக்கொண்டு நேராக அந்தத் தரைத்தள வீட்டுக்குப் போனாள். வால் பிடித்துக்கொண்டு நானும் போனேன்.

டீச்சர் பாளையங்கோட்டைக்காரர். குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து, வேலையை விட்டுவிட்டு அந்த வீட்டு ஹாலில் இந்தச் சின்ன வகுப்பைத் தொடங்கியவர். ஆறு பிள்ளைகளுக்கு மேல் சேர்க்க மாட்டார். "ஏழாவது பிள்ளையப் பாக்க எனக்குக் கண்ணு இல்ல" என்பார். நாங்கள் போனபோது ஆறாவது இடம் காலியாக இருந்தது. தர்ஷினியின் மூடிய கைகளை அவர் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லோரும் அதைத்தான் முதலில் செய்வார்கள். அவர் தன் கையையும் மூடி, அவள் கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பேசவே மாட்டேங்குறா டீச்சர்" என்றேன்.

"அது கெடக்கட்டும் அண்ணாச்சி. மொதல்ல கை, பொறவு வாய்."

பெற்றோர் முறை வைத்து வகுப்பில் வந்து உட்கார வேண்டும் என்பது அவர் வழக்கம். உட்காருவதற்கு முன்னால் ஒரு பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கையில் தருவார். அதை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளை கொட்டினாலும், உடைத்தாலும், தப்பான ஓட்டையில் பட்டனைப் போட்டாலும் செய்தித்தாள் கீழே விழக்கூடாது. முதல் நாள் நான் ஏழெட்டுத் தடவை விட்டிருப்பேன். கப்பு என்ற பஞ்சாபிப் பையன் துணி கிளிப்பைத் தலைகீழாகப் பிடித்துக் கயிற்றில் மாட்டப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். என் கை தானாகப் போய் அதை வாங்கிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, பெல்ட்டுல பெட்டி எடுக்க மாதிரி பிள்ள கையில இருக்கதப் பிடுங்குதிய?"

"உதவி பண்ணலாம்னு பார்த்தேன் டீச்சர்."

"அவன் கேட்டானா? கையப் பின்னால கெட்டுங்க."

கப்பு என்னைப் பார்த்துச் சிரித்தான். அதற்குப் பிறகு அந்த மாட்டாத கிளிப்போடு அவன் எவ்வளவு நேரம் போராடினான் தெரியுமா? எனக்கு வியர்த்துவிட்டது. அவனுக்கு வியர்க்கவில்லை.

தில்லித் தூசியைத் திட்டாத ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். காலையில் துடைத்த பால்கனிச் சுவரில் மத்தியானம் விரல் வைத்தால் கோடு விழும். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அதில் அ, ஆ போடச் சொல்வார். "தினமும் புது சிலேட்டு வந்துருதுல்லா" என்பார். புகைமூட்டத்தில் பள்ளிகளெல்லாம் மூடிக் கிடந்த நாள்களில் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஹாலுக்குள் பட்டாணி உரிப்பு நடக்கும். குளிர்காலத்தில் தில்லியில் எந்த வீட்டில்தான் பட்டாணி உரிக்கவில்லை? ஆனால் உரித்ததில் பாதியைப் பச்சையாகத் தின்பதையும் பாடத்தில் சேர்த்தவர் அவர் ஒருவர்தான்.

இனி ஹோலி அரிசியைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் சொல்லாவிட்டால் கப்புவின் அம்மா எழுந்து சொல்லிவிடுவார். ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்குச் செய்தி வந்தது: 'நாளைக்கு மூணு நிறத்துல அரிசி. மஞ்சள்தூள், பீட்ரூட் சாறு, கீரைச் சாறு போதும்.' பிள்ளைகள் கரண்டியால் அள்ளி நிறம் பிரித்துக் கிண்ணங்களில் போடுவதற்காக. கீரையை அரைத்துச் சாறு பிழிந்து அரிசியைக் காயவைக்கும் பொறுமை எனக்கு ஏது? கட்டிலுக்கு அடியில் ஹோலிக்கு வாங்கி மிஞ்சிய பொடி இருந்தது. பளபளவென்று மூன்று நிறம். அரிசியில் போட்டுக் குலுக்கி, டப்பாவில் அடைத்து, வித்யாவிடம்கூடச் சொல்லாமல் கொடுத்தனுப்பிவிட்டேன்.

அது ஜூலை மாதப் புழுக்கம். கரண்டியைப் போட்டுவிட்டுப் பிள்ளைகள் கையாலேயே அள்ளியிருக்கிறார்கள். மதியம் கூட்டிவரப் போனால், ஆறு பிள்ளைகளும் மூக்கும் காதும் இளஞ்சிவப்பாக உட்கார்ந்திருந்தார்கள். வாயில் போனதா என்று அம்மாக்கள் பதறினார்கள். நல்லவேளை, போகவில்லை. "அண்ணா, உங்களுக்கு மூளை இருக்கா?" என்று கப்புவின் அம்மா இந்தியில் கேட்டார். இருந்தால் கீரை அரைத்திருக்க மாட்டேனா?

டீச்சர் வாசலில் பக்கெட்டும் சோப்பும் வைத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கை கழுவ வைத்துக்கொண்டிருந்தார். திட்டு வாங்கத் தயாராக நான் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, ஹோலின்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா, நானும் பழைய சேல உடுத்திருப்பேன்."

"மன்னிச்சிருங்க டீச்சர்."

"மன்னிப்பு கெடக்கட்டும். அங்க உங்க பிள்ளயப் பாருங்க. சத்தம் போடாம."

தர்ஷினி சுவரோரம் நின்றிருந்தாள். வலது கை விரிந்திருந்தது. உள்ளங்கை முழுக்க இளஞ்சிவப்பு. அதை முகத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை நான் பிரித்துப் பார்த்த உள்ளங்கை அது. அவளாக விரித்து நான் பார்த்தது அன்றுதான். டீச்சர் அவளை மட்டும் கழுவக் கூப்பிடவில்லை. அந்த நிறம் தானாகப் போகும் வரை அவள் கையில் இருந்தது.

பிறகு டம்ளர் விளையாட்டு. கண்ணாடி டம்ளரில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவிடுவார். ஒரு பிள்ளை ஜக்கிலிருந்து தண்ணீர் ஊற்றும், இன்னொன்று டம்ளரைப் பிடிக்கும். தண்ணீர் ரப்பர் பேண்டைத் தொட்டதும் பிடித்திருக்கிற பிள்ளை 'போதும்' சொல்ல வேண்டும். அதுவரை ஊற்றுகிறவர் நிறுத்தக்கூடாது. வழிந்தால் வழியட்டும், துணி எங்கே இருக்கிறது என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். தர்ஷினி டம்ளர் பிடித்தால் தினமும் வெள்ளம்தான். ஒரு நாள் டீச்சரே ஊற்றினார்; தண்ணீர் விளிம்புக்கு வந்தபோது அவள் உள்ளங்கையை விரித்து டம்ளரின் வாயை மூடினாள். டீச்சர் அந்த நொடியே ஜக்கை நிமிர்த்திவிட்டார். அன்று என் முறை. செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாயால சொல்லலையே டீச்சர்?"

"கை சொல்லிட்டுல்லா. கேக்கலன்னா பொறவு எதுக்குச் சொல்லுவா?"

பல வாரம் கையால் சொன்னாள். பட்டாணி சீசன் முடிகிற சமயத்தில் ஒரு காலையில், கையை டம்ளர் மேல் வைத்து, கூடவே "போதும்" என்றாள். என் மகளின் முதல் வார்த்தை அது. அப்பா இல்லை, அம்மா இல்லை, போதும். வீட்டில் நான் பேசிக்கொண்டே இருக்கும்போதும் அதைச் சொல்ல ஆரம்பித்தாள். வித்யா அதற்காகவே டீச்சருக்கு ஒரு கேக் செய்து கொடுத்தாள்.

இப்போது அந்த வார்த்தையும் இல்லை. டீச்சரைப் பாளையங்கோட்டைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். பிள்ளைகள் யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலை தர்ஷினி வழக்கம்போல ஏப்ரனைப் போட்டுக்கொண்டு போய்த் தரைத்தளத்துக் கதவின் முன்னால் நின்றாள். பூட்டு. டீச்சர் ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன். ஜெபராஜ் அண்ணன் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, அவர் காலுக்கும் கதவுக்கும் இடையே உள்ள சந்தில் தலையை விட்டு ஹாலைப் பார்த்தாள்.

"இன்னும் எத்தனை நாளைக்கு ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லுவீங்க?" என்று வித்யா கேட்டாள்.

"நீ சொல்லேன்."

"எனக்கு மட்டும் வாய் வருதா?"

கடைசியில் டீச்சர் செத்துப்போய்விட்டார், இனி வர மாட்டார் என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து சொன்னோம். எது புரிந்ததோ தெரியாது. கைகள் மறுபடி மூடிக்கொண்டன.

உங்களில் இரண்டு பேர் பிள்ளைகளை வேறு இடத்தில் சேர்த்துவிட்டீர்கள். குறை சொல்லவில்லை, சேர்த்துக்கொள்ளும் பள்ளி இருந்தால் நானும் சேர்த்திருப்பேன். எனக்கு இருந்த ஒரே இடம் அந்த ஹால். ஜெபராஜ் அண்ணன் வீட்டைக் காலி செய்கிறார். பாய்கள், ஜக்கு, டம்ளர்கள், கிளிப் மாட்டும் கயிறு எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டார். நான் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு, காலை நேரத்தில் எங்கள் ஹாலில் பாய் விரித்தேன். வந்தது கப்பு, இன்னும் இரண்டு பிள்ளைகள், தர்ஷினி. நான் எதற்குத் தகுதி? முதல் நாள் பிசைந்த மாவு சோபாவில் ஒட்டியது இன்னும் போகவில்லை. கப்பு என்னிடம், "அங்கிள், பேப்பர் கஹான் ஹை?" என்று கேட்டான். செய்தித்தாளைப் பின்னால் பிடிக்காமல் நான் உட்கார்ந்ததை அவன்தான் கவனித்தான்.

இந்த வாரம் டம்ளர் விளையாட்டை எடுத்தேன். தர்ஷினி டம்ளரை மூடிய இரண்டு கைகளுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்திருந்தாள். நான் ஊற்றினேன். தண்ணீர் ரப்பர் பேண்டைத் தொட்டது, தாண்டியது. "சொல்லு கண்ணு, போதும்னு சொல்லு" என்றேன். விளிம்புக்கு வந்தது. "ஒரே ஒரு தடவை சொல்லுடா." வழிந்தது. மேசையில், அவள் ஃபிராக்கில், பாயில். நிறுத்த எனக்குப் பயமாக இருந்தது. நிறுத்திவிட்டால் அவள் இனி சொல்லவே மாட்டாள் என்று ஒரு முட்டாள்தனமான பயம். ஜக்கு பாதிக்கு மேல் காலியாகிவிட்டது. பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கெஞ்சிக்கொண்டே ஊற்றினேன்.

ஒரு கை டம்ளரை விட்டது. மெதுவாக விரிந்தது. ஈரமான உள்ளங்கை வந்து டம்ளரின் வாயை மூடியது.

நிறுத்தினேன். அந்த நொடியே.

டீச்சர், உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: ஒரு ஜக்கு, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு டம்ளர், முதுகுக்குப் பின்னால் பிடிக்க ஒரு பழைய செய்தித்தாள். கை சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது. வாய் எப்போது வரும் என்று தெரியவில்லை. வராமல் போனால் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை. உங்களைக் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். குழுவில் ஜெபராஜ் அண்ணனின் அந்த வரிக்குக் கீழே யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுத எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

'நாளைக்கு ஆளுக்கு ஒரு பழைய சாக்ஸ்' என்று போட்டேன்.