மூக்கரின் மூக்கு

கேஸ் குழாய் மாட்டும் அவரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். கீசருக்கு இணைப்புக் கொடுத்ததும் மற்ற மெக்கானிக்குகள் குழாய் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவி, நுரை கொப்பளிக்கிறதா என்று பார்ப்பார்கள். இவர் குனிந்து மூக்கால் ஒரே ஒரு இழுப்பு இழுத்து, "கசிவே இல்ல" என்பார். வீட்டுக்காரர்கள் மூக்கின்மேல் விரல் வைப்பார்கள்.

போன காய்ச்சலோடு அந்த மூக்கு படுத்துவிட்டது. பூவும் பினாயிலும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. யாரிடமும் மூச்சு விடவில்லை. பெயரைக் காப்பாற்ற வேண்டுமே!

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டிலும் கீசரை மாட்டி, வால்வைத் திறந்து, அதே வீறாப்போடு குனிந்து இழுத்தார்.

"கசிவே இல்ல சம்பந்தி, தாராளமா பத்த வைங்க."

சம்பந்தியம்மா முகத்தைச் சுளித்தார். "என்னங்க இது, குடலைப் புரட்டுது! உங்களுக்கு நாத்தம் வரலையா?"

மகள் பாய்ந்து வால்வை மூடினாள், ஜன்னல்களைத் திறந்தாள். "அப்பாவுக்குச் சளி, அத்தை" என்று கூசாமல் பொய் சொன்னாள்.

நாற்றம் போனபின், அவர் குழாய் இணைப்பை இறுக்கி, வால்வைத் திறந்து, அவள் கொடுத்த சோப்புத் தண்ணீரைத் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. மூக்கறுபட்டாலும் பிழைத்தோம் என்று நிமிர்ந்தார்.

மகள் காதருகே குனிந்தாள். "காய்ச்சலுக்கப்புறம் எத்தனை வீட்டுல மோந்து பாத்தீங்கப்பா?"

அவர் சோப்புக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தலை நிமிராமல் படியிறங்கினார்.