துருப்பிடிக்காத இரும்பு

கமலாசனிக்குக் கை சும்மா இராது. இறுகிப்போன போத்தல் மூடி, ஆடுகிற கதிரைக் கால், செய்தி வாசிக்கச் சொன்னால் இரைகிற றேடியோ, எது கண்ணில் பட்டாலும் அதைக் கழற்றிப் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். கழற்றியதைத் திரும்பப் பூட்டவும் தெரிந்திருந்தபடியால் வீட்டில் பெரிய சண்டை ஒன்றும் வரவில்லை.

புருஷன் யோகலிங்கம் நல்ல மனிசன். வடமராட்சியிலிருந்து வந்து முத்தையன்கட்டில் காணி எடுத்து, காடு வெட்டி, நெல்லும் மிளகாயும் போட்டு நிமிர்ந்தவன். ஆனால் ஆயுதம் என்று அவனுக்குத் தெரிந்தவை இரண்டே இரண்டு: மண்வெட்டியும் தன் பல்லும். சோடா மூடிக்கும் பல், நைலோன் கயிற்றுக்கும் பல். ஒருநாள் மிளகாய்க்கு அடிக்கிற மருந்துப் பையையும் பல்லால் கிழிக்கப் போனான். கமலாசனி பாத்தியைத் தாண்டி ஓடிவந்து அதைப் பறித்தாள். பறித்தவள் அவனைப் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. எப்போதும் இடுப்பில் இருக்கிற மாதிரி ஒரு கத்தி வாங்கியே தீருவது என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தாள்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் வந்தது. எழுபத்தேழாம் ஆண்டுக்குப் பிறகு நாட்டுக்குள் கப்பல் கப்பலாக வெளிநாட்டுச் சாமான் வந்து குவிந்த காலம் அது. அதே கப்பல்களில் வெளிநாட்டு மிளகாயும் வந்து இறங்கி, இவர்களுடைய செத்தல் மிளகாயின் விலையைக் குப்புற விழுத்தியது. அதைப் பேசத் தொடங்கினால் எனக்கு வயிறு எரியும், விடுவோம். கோயில் வீதியில் ஒருவன் மேசை போட்டு, பல வேலை பார்க்கிற வில்லுக்கத்திகளைப் பரப்பி வைத்திருந்தான்.

கடைக்காரன் கத்தியைத் தூக்கி யோகலிங்கத்தின் கையில் கொடுத்தான். யோகலிங்கம் அதை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மனைவியிடம் நீட்டினான். கடைக்காரனுக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் வியாபாரம் அல்லவா, இருந்ததிலேயே தடித்ததை எடுத்து அவளுக்கு விரித்துக் காட்டினான். வாள், செதில் சுரண்டி, பூதக்கண்ணாடி, சுருள் கம்பி என்று அது வண்டு கால் விரித்த மாதிரி விரிந்தது. சுருள் கம்பி எதற்கு என்று கேட்டாள். வைன் போத்தலின் தக்கையை இழுக்க என்றான். முத்தையன்கட்டில் வைன் குடிக்கிற ஆளைத் தேடிப் பிடித்துவிட்டு வருகிறேன் என்று அதைத் திருப்பிக் கொடுத்தாள். நகவெட்டியோடு சேர்ந்த சின்னது ஒன்று இருந்தது. அதன் அலகு மாம்பிஞ்சுக்கே வளையும் போலிருந்தது. மீன் உருவில் ஒன்று பார்க்க வடிவாக இருந்தது, ஆனால் மூடும்போது விரலைக் கடித்தது.

கடைசியில் விரல் நீளத்தில் கறுப்புப் பிடி போட்ட ஒன்று அவள் கண்ணில் பட்டது. ஒரு அலகு, ஒரு குட்டிக் கத்தரிக்கோல், ஒரு குத்தூசி, பிறகு ஸ்குறூவும் திருப்பி சோடா மூடியும் கழற்றுகிற தட்டைத் துண்டு ஒன்று. அவ்வளவுதான். அலகைத் திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தாள். சேலை ஓரத்தில் பிரிந்து நின்ற நூலைக் கத்தரித்துப் பார்த்தாள். அதே வகையில் முதலில் எடுத்த கத்தியின் கத்தரிக்கோல் நூலை மென்றது. இரண்டாவதில் வில் தளர்வு. அடுத்தது நறுக்கென்று வெட்டியது. பிறகு செய்ததுதான் கூத்து. கத்தியை இடுப்பில் சேலைக் கொய்யக மடிப்புக்குள் செருகிக்கொண்டு, சனம் போய் வருகிற வீதியில், களை பிடுங்குகிற மாதிரிக் குந்தி இருந்து எழும்பினாள். குத்தவில்லை, நழுவவுமில்லை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். யோகலிங்கம் தனக்கு அவளைத் தெரியாதது போல நின்றான். கடைக்காரன் அது துருவே பிடிக்காது என்று அம்மன் மேல் சத்தியம் பண்ணினான்.

அதன் பிறகு அந்தக் கத்திக்கு ஓய்வு இல்லை. தண்ணீர் இறைப்பு மெசினின் எண்ணெய்க் குழாய் வெடித்தால் வெடித்த நுனியை வெட்டி மறுபடி பூட்டினாள். செருப்பு வாருக்குப் புது ஓட்டை போட்டாள். களை பிடுங்க வருகிற ராக்காயியின் குதிக்காலில் ஏறிய முள்ளைக் குத்தூசியால் நோகாமல் எடுத்துவிட்டாள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய ராக்காயி காலைத் தடவிக்கொண்டே, "இடுப்புல ஒரு கடையே வெச்சிருக்கீங்களேம்மா" என்றாள். மருந்துப் பை வெட்டிய அலகால் தின்கிற சாமான் வெட்டுவதில்லை என்று ஒரு சட்டம் வைத்திருந்தாள். பின்னேரம் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு மூடுவாள். பெண்பிள்ளை வில்லுக்கத்தி வைத்திருப்பதைப் பற்றி ஊரில் கதை வராமலா இருக்கும்? வந்தது. கதைத்தவர்களே மெசின் நின்றதும் அவளைத் தேடி வந்தார்கள்.

அவள் பிள்ளைத்தாச்சியானபோதுதான் உண்மையான கண்டம் வந்தது. கமலாசனி தாய் இல்லாத பெண். அதனால் பிள்ளைப்பேறு பார்க்க யோகலிங்கத்தின் தாயார் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தார். மாமி கறாரான மனுஷி, ஆனால் கை நிறைந்த மனுஷி. பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கிற சரக்கு, நல்லெண்ணெய், பழைய வேட்டித் துண்டுகள், எல்லாம் கட்டி வந்திருந்தார். வந்த அன்றைக்கே மருமகளின் இடுப்பில் கத்தியைக் கண்டுவிட்டார். வில்லுக்கத்தி சண்டியன்மார் வைக்கிற சாமான், அதை யோகலிங்கத்திடம் கொடுத்துவிட வேண்டும், பிள்ளை பிறந்த பிறகு அந்தப் பேச்சே இருக்கக்கூடாது என்பது மாமியின் கட்டளை. மகன் பல்லால் மூடி திறக்கிறவன் என்பது மாமிக்கும் தெரியும். அது வேறு, இது வேறாம்.

கொடுத்தால் அது திரும்பி வராது என்று கமலாசனிக்குத் தெரியும். யோகலிங்கம் அதை முதல் நாளே வாய்க்காலில் போட்டுவிட்டு வந்து நிற்பான். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. எத்தனையோ பொறுத்துப் போகிறவள், இதில் மட்டும் ஒற்றைக்காலில் நின்றாள்.

முல்லைத்தீவு ஆசுபத்திரியில் ஆண்பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்ததும் வழி ஒன்று தட்டுப்பட்டது. பிள்ளை பெற்றவள் துடக்கு, அதாவது தீட்டு, கழியும் வரை கையில் இரும்பு வைத்திருக்க வேண்டும். முற்றத்தில் இறங்கினாலும் இரும்பு, பிள்ளையின் தலைமாட்டிலும் இரும்பு. இல்லாவிட்டால் பேய் பிசாசு அண்டும். அதற்கென்றே மாமி ஓலை வாருகிற சின்னக் கத்தியான காம்புச்சத்தகம் ஒன்று கொண்டுவந்திருந்தார். கமலாசனி அதை மரியாதையாக வாங்கிக் கூரை இறப்பில் செருகிவிட்டு, தன்னிடம் இரும்பு இருக்கிறதே என்று கறுப்புப் பிடிக் கத்தியைத் தலையணைக்குக் கீழே வைத்தாள்.

மாமியா விடுவார்?

"துருப்பிடிக்காதெண்டெல்லே வாங்கினனி? துருப்பிடிச்சால்தான், பிள்ளை, இரும்பு. உதுக்குப் பேய் பயப்படாது."

கமலாசனி யோசித்தாள். பழைய றேடியோவின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று அலுமாரிக்குள் கிடந்தது. காந்தம் பிடித்தால் இரும்பு, பிடிக்காவிட்டால் கத்தியை உங்கள் மகனிடமே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. கத்தியில் அவள் ஒருநாளும் காந்தம் வைத்துப் பார்த்ததில்லை. மாமி முதலில், அதுவும் துருப்பிடிக்காததுதானே என்று, எவர்சில்வர் தம்ளரில் காந்தத்தை வைத்தார். அது வழுக்கி நிலத்தில் விழுந்தது. மாமி மருமகளைப் பார்த்த பார்வையில் யோகலிங்கம் எழும்பி வெளியே போய்விட்டான். பிறகு கத்தியின் அலகில் வைத்தார். டக்கென்று பிடித்தது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. சொன்னால் சொன்னதுதான் என்கிற மனுஷி மாமி. காம்புச்சத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு குசினிக்குள் போனார். கமலாசனிக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

சும்மா சொல்லக்கூடாது, மாமி அந்தப் பிள்ளையைப் பார்த்ததுபோலப் பெற்ற தாய்கூடப் பார்க்கமாட்டாள். காலை நீட்டி அதில் கிடத்திக் குளிப்பாட்டுவார். தானும் முழுகிவிட்டு, நரைத்த நீளத் தலைமயிரைக் காய விரித்துக்கொண்டு, பிள்ளையை மடியில் வைத்து மணிக்கணக்காகக் கதை சொல்லுவார். ஊரிலிருக்கிற மகள் தவமணியைப் பற்றியும் அப்போதுதான் சொன்னார். அவள் முன்னம் பெற்ற இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இரண்டையும் இதே மடியில்தான் வைத்துக் குளிப்பாட்டினாராம். இப்போது மூன்றாவது வயிற்றில்.

ஒரு பின்னேரம் பிள்ளை வீரிட்டு அழத் தொடங்கியது. பால் கொடுத்தும் நிற்கவில்லை, தோளில் போட்டும் நிற்கவில்லை. மாமி திருநீறு போட்டார், மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். வீடு முழுக்கப் புகை, பிள்ளையின் குரல் மட்டும் கம்மவேயில்லை. யோகலிங்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வைத்தியம் பார்க்கிற பரிகாரியைக் கூட்டிவர ஓடினான். மாமியின் முகம் வெளிறிவிட்டது. "இரும்பை எடு, பிள்ளை, இரும்பை எடு" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

கமலாசனி கத்தியை எடுத்தாள். ஆனால் அவளுக்குக் கழற்றிப் பார்க்கிற புத்திதானே. பிள்ளையின் துணியெல்லாவற்றையும் கழற்றி, கழுத்திலிருந்து ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். இடது காலில் சின்ன விரல் ஒன்று சிவந்து வீங்கிப் பளபளத்தது. அடியில் மெல்லிய கோடு. ஒற்றைத் தலைமயிர் இரண்டு மூன்று சுற்றாகச் சுற்றி இறுகி, சதைக்குள் புதைந்து கிடந்தது. குட்டிக் கத்தரிக்கோலைத் திறந்து, அதன் நுனியை மயிருக்குக் கீழே மெல்ல நுழைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு வெட்டு வெட்டினாள். சுற்றுகளை உரித்து எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் விரலுக்கு நிறம் வந்தது, பிள்ளை விம்மி விம்மி அடங்கியது. அவளுடைய விரலில் ஒட்டியிருந்தது நீளமான நரைமயிர்.

மாமி கண்ணை இறுக்கி மூடி அம்மாளாச்சியைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார். கண்ணைத் திறந்தபோது கண்டது பிள்ளையின் காலில் கத்தி தொட்டதையும் பிள்ளை அழுகையை நிறுத்தியதையும்தான். கமலாசனி மயிரைச் சுருட்டி அடுப்பில் போட்டுவிட்டாள். பரிகாரி வந்தபோது அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கிற வேலைதான் மிச்சமிருந்தது. அவரிடம் மாமி சொன்னது இதுதான்: இரும்பு தொட்டது, அது ஓடிவிட்டது.

துடக்குக் கழித்து அடுத்த நாள் மாமி ஊருக்குப் புறப்பட்டார். பை கட்டி முடிந்தது. யோகலிங்கம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று படலையடியில் நின்றான். மாமி மட்டும் அறைக்குள் வந்து தயங்கி நின்றார். தயங்குவது அந்த மனுஷிக்குப் பழக்கமில்லாத காரியம்.

"பிள்ளை, உந்த இரும்பை எனக்குத் தருவியே? தவமணிக்கு வாற மாசம்."

கமலாசனி தானே காந்தம் வைத்து வென்ற வழக்கு அல்லவா, இப்போது அந்த வெற்றியே கத்தியைக் கேட்டு வந்து நிற்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பேயுமில்லை பிசாசுமில்லை மாமி, வெறும் தலைமயிர். கத்தி அவளிடமே இருக்கும். ஆனால் அடுத்த கேள்வி யாருடைய தலைமயிர் என்றுதான் வரும். அந்த வீட்டில் நரைத்த தலை ஒன்றே ஒன்று. இரண்டு பிள்ளைகளை மடியில் வைத்துக் குளிப்பாட்டிப் பறிகொடுத்த மனுஷி, அந்த மடியைப் பற்றி என்னென்ன நினைத்துக்கொண்டு பஸ்ஸில் போவார்? மூன்றாவதைத் தொடுவாரா?

"துருப்பிடிக்காதெண்டு நான் பகிடி பண்ணினதை மனசிலை வைக்காதை," என்றார் மாமி. "பேய் பயப்படுந்தானே?"

"ஓம் மாமி. நல்லாப் பயப்படும்."

கத்தியைத் துடைத்து எண்ணெய் விட்டாள். எந்த ஓரத்தில் நகத்தைப் போட்டால் கத்தரிக்கோல் திறக்கும் என்று மாமியின் விரலைப் பிடித்துப் பழக்கினாள். கொடுக்கக் கை நீண்ட பிறகு, என்ன நினைத்தாளோ, திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"இந்த இரும்புக்கு ஒரு முறை இருக்கு, மாமி. பிள்ளையைத் தூக்கிற எல்லாரும் தலையை இறுக்கி முடிஞ்சிருக்கவேணும். ஒவ்வொரு நாளும் பிள்ளையின்ரை கைவிரல் கால்விரல் எல்லாம் விரிச்சுப் பாக்கவேணும். ஒரு நாள் விட்டாலும் இரும்பு வேலை செய்யாது."

மாமி பயபக்தியோடு தலையாட்டினார். பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தன் தலைமயிரை அள்ளி, ஒரு இழை வெளியில் நிற்காமல் இறுக்கி முடிந்துகொண்டார். பிறகுதான் கத்தியை வாங்கக் கை நீட்டினார்.