மாரீஸ்வரி பூட்ட வைத்த ஈயப் பட்டறை

தேனியில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் விஜய்பாண்டிக்கு வேலை. பட்டறை அவர் குடியிருந்த தெருவிலேயே இருந்ததால் மதியம் சாப்பிட வீட்டுக்கு வருவார். வந்ததும் மகள் சுபாஸ்ரீ ஓடிப்போய் மடியில் ஏறிக்கொள்வாள்.

நாலு வயதில் சுபாஸ்ரீக்கு அடிக்கடி வயிறு வலித்தது. சோறு இறங்கவில்லை. பூச்சி மருந்து கொடுத்தார்கள், மந்திரித்தார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை வார்த்தைக்குத் தடுமாறவும், தாய் மாரீஸ்வரி பயந்துபோய் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அப்பாவுக்கு என்ன வேலை என்று விசாரித்த டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னார். ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. அது வரும் வழியை அடைக்காவிட்டால் மருந்தால் பயனில்லை என்றார்.

விஜய்பாண்டி நம்பவில்லை. நாளெல்லாம் அதிலேயே கிடக்கிற தனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றார்.

"ஒங்க கை நடுங்குறது எதனாலயாம்?" என்றாள் மாரீஸ்வரி. "ஒங்க சட்டைத் தூசிதேன் புள்ள வயித்துக்குள்ள போயிருக்கு. இனி அந்தச் சட்டையோட வாசப்படி ஏறக்கூடாது."

அவர் அன்று சாப்பிடவில்லை. அந்த வாரமே வேலையை விட்டுவிட்டு, போடியில் ஏலக்காய் மூட்டை தூக்கப் போனார்.

மாரீஸ்வரி வீட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த தரையில் பட்டறைத் தூசி மறுபடி படிந்தது. வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். பட்டறைக்காரரைப் பகைக்க யாருக்கும் மனமில்லை. எதிர்வீட்டு ஜெபஷீலா மட்டும் தன் மகனுக்கு ரத்தம் பார்க்கக் கூட வந்தாள். அவனுக்கும் ஈயம் இருந்தது. அதன்பிறகுதான் தெரு திரண்டது. ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார்கள். கடைசியில் அதிகாரிகள் வந்து பட்டறையைப் பூட்டினார்கள்.

"பூட்டிட்டா மண்ணுல கெடக்குறது போயிருமா?" என்று மாரீஸ்வரி அவர்களிடம் கேட்டு, பிள்ளைகள் விளையாடும் இடத்து மண்ணையும் சுரண்டி அள்ள வைத்தாள்.

சுபாஸ்ரீயின் ரத்தத்தில் ஈயம் குறைந்தது. பேச்சு பழையபடி வருமா என்று டாக்டரால் உறுதி சொல்ல முடியவில்லை.

கொஞ்ச நாளில், அதே பட்டறைக்காரர் வடுகபட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொட்டகை போடுவதாகத் தெரிந்தது. நம் தெரு தப்பித்ததே போதும் என்றார்கள் அக்கம்பக்கத்தில். மாரீஸ்வரி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். விஜய்பாண்டியும் லீவு போட்டுவிட்டு உடன் போனார். அங்கே பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களிடம் நடந்ததைச் சொன்னாள். அவர்கள் கேட்டு முடித்ததும் வேலையைப் போட்டுவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு நேரே தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கொட்டகையில் ஈயம் உருக்கும் அடுப்பு எரியவே இல்லை.