தொட்டால் அசையாதது

ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மண்ணக்காதான். தரை பெருக்க வந்தவள். மண் பொறுக்கும் அறையில் ஆள் வராத ஒரு நாள், "சும்மா உட்காருங்கக்கா, பார்த்துக்கிட்டிருந்தா போதும்" என்று ஒரு தட்டின் முன்னால் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு உட்கார்ந்தவள் தலை நரைக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

காட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் மண்ணைச் சலித்து, வெள்ளைத் தட்டில் பரப்பி, அதில் ஒளிந்திருக்கும் ஒரு பூச்சிக் குடும்பத்தைப் பொறுக்கி எடுக்க வேண்டும். எட்டுக் கால் உண்டு, ஆனால் சிலந்தி இல்லை. சிலந்திக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வலை பின்னத் துப்பில்லை. நத்தையைத் தின்று, காலியான நத்தை ஓட்டுக்குள் முட்டையிட்டு, மண்ணுக்குள்ளேயே காலத்தை ஓட்டிவிடும். உடம்பெல்லாம் மண்ணை அப்பிக்கொண்டிருப்பதால் பார்த்தால் வெறும் அழுக்குருண்டை. தொட்டால் போச்சு, செத்ததுபோலக் கிடக்கும். தொடாமல், பேசாமல், தட்டை ஆட்டாமல் காத்திருந்தால் ஒரு கால் மெல்ல நீளும். அப்போது இடுக்கியால் எடுத்துவிடலாம்.

மண்ணக்காவுக்கு அந்தப் பொறுமை பிறவியிலேயே வந்ததில்லை. கல்யாணத்தில் வந்தது.

அவள் புருஷன் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவர். வாழ்நாளெல்லாம் மேலும் கீழும் போய்வந்து, ஓய்வு பெற்றபின் போக்கிடம் இல்லாமல் வீட்டோடு கிடந்தார். கோபம் வந்தால் கத்தமாட்டார். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கூப்பிட்டால் குத்துக்கல்லாட்டம் கிடப்பார். தொட்டாலோ அந்தக் கோபம் இன்னொரு நாளைக்கு நீளும். விட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் கால் கட்டைவிரல் ஆடும். அப்புறம், "டீ போடேன்" என்பார். அத்தோடு சண்டை தீர்ந்தது. வீட்டிலும் அதே வேலைதான் என்று அறையில் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சண்டைக்குக் காரணம் முந்தின நாள் சினிமா. டிக்கெட் எடுத்துக்கொண்டு தியேட்டர் வாசலில் நின்றவரை மறந்துவிட்டு, புதிதாக வந்த மண்ணோடு உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த அழுக்குருண்டைக்காக நாள் முழுக்க உட்கார்ந்திருக்க. எனக்காக ஒரு தடவையாவது உட்கார்ந்திருக்கியா?"

கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. அவர் கேட்டதில் தப்பில்லை என்பதுதான் அதிகம் வலித்தது. பாத்திரங்களைக் கழுவும்போதே முடிவெடுத்துவிட்டாள்: வேலையை விட்டுவிடுவது. அதை அவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் அவராகத் திரும்பும்வரை வாய் திறக்கக் கூடாது, காரியம் கெட்டுவிடும். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதுகு சீராக ஏறி இறங்கியது. மனுஷனுக்கு இன்றைக்குக் கோபம் ஜாஸ்திதான் என்று நினைத்துக்கொண்டாள். ஜன்னல் வெயில் கட்டிலை விட்டு இறங்கித் தரைக்கு வந்தது. கட்டைவிரல் ஆடவில்லை. ஒரு தடவை தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தது. தூங்குவதுபோல நடிக்கிறார் என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. சொல்ல வேண்டிய வார்த்தையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் மகள் வந்தாள்.

"என்னம்மா, இருட்டுல உட்கார்ந்திருக்க? அப்பாவுக்கு என்ன?"

"ஷ்ஷ். கோபமா படுத்திருக்காரு. தொடாத, தானா அசைவாரு."

மகள் கேட்கவில்லை. தோளைப் பிடித்துத் திருப்பினாள். சுவரைப் பார்த்திருந்த பாதி முகம் கோணிப் போயிருந்தது. வாயோரம் எச்சில் வழிந்து தலையணை நனைந்திருந்தது.

மூளையில் ரத்தம் கட்டிவிட்டது என்றார் டாக்டர். நல்ல மனிதர், தயங்கித்தான் சொன்னார்: "மத்தியானமே கொண்டு வந்திருந்தீங்கன்னா பார்த்திருக்கலாம்மா."

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அவர் காதருகே குனிந்து, "வேலையை விட்டுட்டேங்க" என்று எத்தனையோ தடவை சொன்னாள். கேட்டதா என்பதற்கு ஓர் அசைவும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் மண்ணக்கா வேலைக்கே திரும்பி வந்தாள். வீட்டில் யாருக்காக உட்காருவது? மண்ணைச் சலித்தாள், தட்டில் பரப்பினாள். பரப்பிய கையோடு ஊசியை எடுத்து ஒவ்வோர் உருண்டையாகத் தொட்டாள். தட்டு முழுவதும் அப்படியே உறைந்து போனது. எது மண், எது பூச்சி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மறுநாளும் அப்படித்தான் செய்தாள்.

அறைப் பொறுப்பில் இருந்த பெண் பதறிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"என்னக்கா இது? தொட்டா அசையாதுன்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

"சொன்னேன்மா" என்றாள் மண்ணக்கா. கையை விடுவித்துக்கொண்டு அடுத்த உருண்டையைத் தொட்டாள். "ஒரு தடவை தொடாம இருந்துட்டேன்."