காயாத கூந்தல்

நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் இது காற்றுவாக்கில் கேட்ட கதை இல்லை. என் மனைவியின் தங்கைக்கு நடந்தது. வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். அழகு நிலையம் வைத்திருந்தாள். பேய்ப் படம் பார்த்தால்கூட, பேயின் மேக்கப் சரியில்லை என்று குறை சொல்கிற ரகம்.

அன்று மதியம் கடையில் ஆள் இல்லை. பள்ளி விடுமுறை என்பதால் மகளையும் கூட்டி வந்திருந்தாள். குட்டி தரையில் குப்புறப் படுத்து, ஒரு கடல்கன்னிப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, கடல்கன்னிக்கு யாரு தலை சீவி விடுவாங்க?"

"நம்ம கடைக்கு வரச் சொல்லு. நான் சீவி விடறேன்."

சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ஒரு பெண். முழங்காலைத் தாண்டிய கூந்தல். சொட்டச் சொட்ட ஈரம். வெளியே சுள்ளென்று வெயில்.

"காய வெச்சு சீவி விடுங்க," என்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சின்னவள் துண்டால் துவட்டினாள். டிரையரைப் போட்டாள். ஒரு பக்கம் காய்வதற்குள் மறுபக்கம் நனைந்தது. பிழியப் பிழியத் தண்ணீர். பாசி வாடை வேறு. கீழே பார்த்தாள்... தரையில் ஒரு ஈரத் திட்டுகூட இல்லை.

சீவியாவது அனுப்பிவிடலாம் என்று சீப்பை எடுத்தாள். கை கனத்தது. காது அடைத்துக்கொண்டது. டிரையரின் இரைச்சல் எங்கோ தூரத்தில்... ங்ங்ங்... என்று தேய்ந்தது.

அந்தப் பெண் முனகலாகப் பாட ஆரம்பித்தாள். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

குட்டி எழுந்து வந்தது. காலடிச் சத்தமே இல்லை.

"பாப்பாவுக்கு நல்ல முடி. என் மடியில உக்காரட்டும். நான் சீவி விடறேன்."

குட்டி இரண்டு கையையும் நீட்டியது. கண் இமைக்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

"வேண்டாங்க," என்றாள் சின்னவள்.

"நீங்கதானே வரச் சொன்னீங்க?"

சின்னவள் சீப்பைப் போட்டாள். மகளை வாரி எடுத்தாள். கதவு நாலு எட்டுதான். கால் நகர மறுத்தது.

ஒரு எட்டு...

இன்னொன்று...

மூச்சு முட்டியது.

கதவைத் தள்ளினாள்.

வெயில். காற்று. தாயும் மகளும் வாசலில் விழுந்து இருமினார்கள். எதிர்க்கடைத் தையல்காரர்தான் இருவரையும் தூக்கி உட்கார வைத்தார். திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி. டிரையர் தானாக ஓடிக்கொண்டிருந்தது. கடைக்கு வேறு வாசல் கிடையாது.

குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சின்னவள் அதன்பிறகு அங்கே தொழில் செய்யவில்லை. கடையைக் காலி செய்து சாமான்களை வண்டியில் ஏற்றும்போது தையல்காரர் தயங்கித் தயங்கி வந்தார்.

"அன்னிக்கே கேக்கணும்னு இருந்தேன்மா. உன் கடைக்குள்ள எப்படி அவ்வளவு தண்ணி வந்துச்சு?"

"என்ன தண்ணி அண்ணே?"

"கண்ணாடிக் கதவு வழியா பாத்தேனே. கூரை வரைக்கும் பச்சைத் தண்ணி. நீயும் பாப்பாவும் அதுக்குள்ள நிக்கிறீங்க. ஓடி வந்து கதவை இழுத்தேன், வரல. தட்டுனேன், உனக்குக் கேக்கல. அப்புறம் நீயே திறந்த. வெள்ளமா வரும்னு ஒதுங்கி நின்னேன்... ஒரு சொட்டு வரல. நானே என் கண்ணை நம்பல. அதான் யார்கிட்டயும் சொல்லல."

"நாற்காலியில இருந்தவளப் பாத்தீங்களா?"

தையல்காரர் காலியான கடைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"நாற்காலியில இருந்தவ மட்டுமா? சுவரை ஒட்டி இன்னும் ஏழெட்டுப் பேர் தலைய விரிச்சுப் போட்டுட்டு வரிசையா நின்னாங்களேம்மா... அவங்கவங்க முறைக்குக் காத்திருக்கிற மாதிரி."