மஸ்கட் வீட்டின் மூன்று கதவுகள்

வீடுகளுக்குப் பிளான் கீறுவது என் தொழில். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், மார்க்கம் நகரில் ஒரு சின்ன அலுவலகத்தில் இருந்துகொண்டு, யூனியன்வில் பக்கத்து வீடுகளின் உள்சுவர்களை உடைப்பதற்குக் கீறிக் கொடுக்கிறேன். இப்போது எல்லோருக்கும் ஒரே ஆசைதான். முன்கதவைத் திறந்தால் பின்வளவு தெரிய வேண்டும். குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் சுவர் இருக்கக்கூடாது. அந்தச் சுவர் வீட்டைத் தாங்குகிறதா, சும்மா நிற்கிறதா என்று பார்த்துச் சொல்வதிலேயே என் பாதி நாள் போய்விடும்.

இந்தப் பிளான்களைக் கணினியில் பார்க்கும்போதெல்லாம் அம்மா முகத்தைச் சுளிப்பார்.

“உதென்ன வீடு? வாசல்ல நிக்கிறவனுக்குச் சட்டிக்குள்ள என்ன கறி எண்டு தெரியுது.”

“அவைக்கு அதுதான் விருப்பம், அம்மா.”

“மஸ்கட்டில உப்பிடிக் கட்டினால் அந்த வீட்டில ஒருத்தரும் பொம்பிளை எடுக்கமாட்டாங்கள்.”

வீடுகளைப் பற்றி அம்மாவின் தீர்ப்புகள் எல்லாம் மஸ்கட்டில் இருந்துதான் வரும். அங்கே ஒரு வீட்டில் அவர் வேலைக்காரியாக இருந்தவர். அப்பா இறந்து, கையில் என்னைத் தவிர வேறொன்றும் இல்லாத நேரத்தில், என்னை வவுனியாவில் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினார். எனக்கு அப்போது ஆறு வயது. மஸ்கட்டில் அவர் கையில் கொடுத்தது, பிறந்து சில வாரங்களே ஆன ஒரு பெண் குழந்தையை. அது நடந்து, பேசி, பள்ளிக்கூடம் போய் எழுத வாசிக்கப் பழகும் மட்டும் அம்மா அந்த வீட்டில் இருந்தார். பிறகு வீட்டோடு தங்கிப் பிள்ளை பார்க்கும் வேலைக்கு விசா எடுத்து ரொறன்ரோ வந்தார். இங்கேயும் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள். நிரந்தர வதிவிடம் கிடைத்த பிறகுதான் என்னைக் கூப்பிட முடிந்தது. சென் ஜேம்ஸ் ரவுணில், லிஃப்ற் ஒரு நாள் ஓடி ஒரு நாள் ஓடாத ஒரு மாடிக் கட்டடத்தில், நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பழகத் தொடங்கியபோது எனக்குப் பதினெட்டு வயது நடந்துகொண்டிருந்தது.

ஆக, என் அம்மா மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். அந்த மூன்றில் நான் இல்லை. இதைக் கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

மஸ்கட் குழந்தைக்கு எங்கள் வீட்டில் ‘அந்தப் பிள்ளை’ என்று பெயர். அந்தப் பிள்ளைக்கு வெண்டிக்காய் பிடிக்காது, அந்தப் பிள்ளைக்கு இடி என்றால் பயம், அந்தப் பிள்ளை நித்திரையில் சிரிக்கும். எனக்கு என்ன பிடிக்காது என்று கேட்டால் அம்மா கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லுவார்.

போன வருடம் வவுனியாவில் ஒரு கல்யாணத்துக்குப் போக ரிக்கற் பார்த்துக்கொண்டிருந்தபோது, வழியில் மஸ்கட்டில் இரண்டு நாள் நின்று போகலாமா என்று அம்மா கேட்டார். அங்கே இன்னும் வேலை செய்யும் ஒரு சிநேகிதி, அந்தப் பிள்ளையின் தொலைபேசி இலக்கத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்தப் பிள்ளை அனுப்பிய குரல் பதிவை அம்மா பஸ்ஸில், சாப்பாட்டு மேசையில், லிஃப்றுக்குக் காத்து நின்ற நேரத்தில் எல்லாம் போட்டுப் போட்டுக் கேட்டார். எனக்கு அரபு தெரியாது. அழுகிறாள் என்று மட்டும் விளங்கியது.

“அவளைப் பாக்க அவ்வளவு ஆசையோ?” என்று கேட்டேன்.

“ஆசை இல்லாமலே? ஆனா அது மட்டும் இல்லை.” சொல்லலாமா விடலாமா என்று அம்மா கொஞ்சம் யோசித்தார். “அந்த ஹோலில ஒருக்கா இருந்துபோட்டு வரவேணும்.”

அந்த ஹோலைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரியும். வீட்டுப் பெண்களும் அவர்களைப் பார்க்க வரும் பெண்களும் கூடியிருக்கும் அறை அது. அதன் நிலத்தைத் தினமும் துடைத்தவர் அம்மா. மெத்தைகளைத் தட்டி அடுக்கியவர். விருந்தாளிகள் வந்தால் தட்டத்தோடு நின்றவர். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அங்கே உட்கார்ந்து இருந்ததில்லை. இருக்க வேண்டாம் என்று யாரும் சொன்னதும் இல்லையாம். சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

“இந்த முறை நான் விருந்தாளி” என்றார். நான் ரிக்கற் போட்டேன்.

மஸ்கட் உயரமில்லாத ஊர். ரொறன்ரோவில் உயரம்தான் மரியாதை. ஒரு கட்டடம் பக்கத்துக் கட்டடத்தின் வெயிலை மறைத்தால்தான் அதற்குப் பெயர் வரும். மஸ்கட்டில் மொட்டை மலைகளுக்கு முன்னால் வீடுகள் எல்லாம் வெள்ளையும் பால்நிறமுமாகப் பணிந்து கிடந்தன. அங்கே மரியாதை மதிலில் இருந்தது. ஆள் உயரத்துக்கும் மேலே மதில், அதில் பூ வேலை செய்த இரும்புக் கதவு, மொட்டை மாடி விளிம்பில் கோட்டை மதிலில் இருப்பது போன்ற பற்கள். சில மதில்களில் வெளிப்பக்கமாகக் குளிர்தண்ணீர்க் குழாய் வைத்திருந்தார்கள், வழியில் போகிறவர்கள் குடிப்பதற்கு. தண்ணீர் யாருக்கும் உண்டு, உள்ளே பார்க்கத்தான் முடியாது.

வாடகைக் காரில் போகும்போது என் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. எதிரெதிர் வீடுகளின் யன்னல்கள் எங்கேயும் நேருக்கு நேர் வரவில்லை. மேல்மாடி யன்னல்கள் ஒடுக்கமானவை, கண்ணாடிக்குக் கறுப்புப் பூச்சு. திறந்து கிடந்த ஒரு வாசலுக்குள் எட்டிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் இரண்டு எட்டில் இன்னொரு சுவர் நின்று, போகிறவரைப் பக்கவாட்டில் திருப்பி அனுப்பியது. எந்தச் சுவரை உடைக்கலாம் என்று கேட்கிற தொழிலில் இருப்பவளுக்கு, சுவரை எங்கே வைப்பது என்று இவ்வளவு யோசித்திருக்கிற ஊரைக் காணக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

“இதால போனால் என்ன வரும்?” என்று அம்மாவிடம் ஒரு தெருவைக் காட்டிக் கேட்டேன்.

“எனக்கென்ன தெரியும்? நான் என்ன ஊர் சுத்தவே வந்தனான்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்கு மஸ்கட் தெரியாது. ஒரு வீடு தெரியும். அதற்கு வெளியே குழந்தையைக் காட்டிய ஆஸ்பத்திரி, வெள்ளிக்கிழமைகளில் குடும்பத்தோடு போன கடற்கரை, இரண்டுக்கும் நடுவில் காரின் பின்சீற் யன்னல். அவ்வளவுதான் அவருடைய அரபு நாடு.

வீட்டு வாசலில் இறங்கினோம். அம்மா புதுச் சேலை கட்டி, பவுண் வளையல் போட்டு, மேப்பிள் பாணிப் போத்தல்கள் இருந்த பெட்டியை என்னிடம் தந்துவிட்டுக் கைப்பையை மட்டும் வைத்திருந்தார். விருந்தாளி சாமான் தூக்கக்கூடாதாம். மதில் கதவு திறந்திருந்தது. நான் நேரே போய், கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த கதவின் மணியை அமத்தினேன். செதுக்கு வேலை செய்த இரட்டைக் கதவு. ரொறன்ரோவில் எது பெரிய கதவோ அதுதான் முன்கதவு.

திறந்தவர் வெள்ளை அங்கி போட்ட வயதான ஆண். என்னைக் கண்டதும் பார்வையை நிலத்துக்கு இறக்கி, மிகவும் மரியாதையாக ஏதோ சொல்லி, வலது பக்கம் கையைக் காட்டினார். அவருக்குப் பின்னால் சுவரோரமாக ஆண்கள் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். அது ஆண்களின் வரவேற்பறைக்கு மட்டுமான கதவு. குடும்பத்துக்கும் பெண்களுக்கும் வலது பக்கம் இன்னொரு கதவு இருந்தது. அழகு குறைந்தது, ஒரு சுவருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றது. வெட்கத்தோடு திரும்பினால் பக்கத்தில் அம்மாவைக் காணவில்லை.

அவர் வீட்டின் இடது பக்கத்து ஒடுங்கிய பாதையில் போய்க்கொண்டிருந்தார். சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏசிப் பெட்டிகளில் இருந்து வடிந்த தண்ணீரைத் தாண்டித் தாண்டி, மூன்றாவது கதவை நோக்கி. குசினிக் கதவு.

“அம்மா! எங்க போறீங்கள்?”

அவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கே நிற்கிறார் என்று அப்போதுதான் அவருக்கும் தெரிந்தது போலிருந்தது.

“கால் தானாப் போட்டுது” என்றார்.

திரும்பி வருவதற்குள் அந்தக் கதவு திறந்துவிட்டது. ஈரக் கையோடு ஓர் இளம்பெண் நின்றாள். இப்போது அந்த வீட்டில் வேலை செய்பவள், ஆபிரிக்க நாடு ஒன்றில் இருந்து வந்தவள். அம்மா ஒரு வார்த்தை சொல்ல அவள் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். எங்களை உள்ளே விட்டாள். அம்மா செருப்பைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் ஓரமாக வைத்தார். சுற்றிப் பார்த்து, “பைப் மாத்தியிருக்கினம்” என்றார்.

நடைபாதையில் காலடிச் சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளை வந்தாள். முப்பதைத் தாண்டிய பெண், நிறைமாதக் கர்ப்பிணி. சின்னதில் அம்மாவைக் கூப்பிட்ட ஏதோ ஒரு சொல்லைக் கத்திக்கொண்டு வந்து, வயிறு இடிக்க இடிக்க அம்மாவைக் கட்டிப் பிடித்தாள். இருவரும் அழுதார்கள். நான் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் பாணிப் பெட்டியோடு நின்றேன். என்னை அம்மா ரொறன்ரோ விமான நிலையத்தில் முதன்முதல் கண்டபோது இப்படி அழவில்லை. நான் நீட்டிய கையைத்தான் பிடித்தார். அது என் நினைவில் வராமல் இருந்திருக்கலாம், ஆனால் வந்தது.

அழுது முடித்ததும் அந்தப் பிள்ளை ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்து அம்மாவுக்கு வைத்தாள். முழு அன்போடுதான் வைத்தாள். அவளுடைய சின்ன வயதில் அம்மா இருந்த இடம் அந்தக் குசினிதானே. வேறெங்கே கொண்டுபோய் இருத்துவது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அம்மா இருக்கவில்லை. இரண்டு கையாலும் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவ்வளவு தூரம் பறந்து வந்தது குசினியோடு முடியப்போகிறது என்று நினைத்தேன். அம்மா அரபில் ஏதோ சின்னதாகச் சொன்னார். அந்தப் பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. நெற்றியில் கையால் அடித்துக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்து நடைபாதையால் கூட்டிக்கொண்டு போனாள்.

“என்ன சொன்னீங்கள்?” பின்னால் போய்க்கொண்டே கேட்டேன்.

“நான் விருந்துக்கு வந்தனான் எண்டு சொன்னனான்.”

ஹோல் நான் நினைத்ததைவிடச் சின்னது. தரை மெத்தைகள் போய் இப்போது மூன்று பக்கமும் தங்க நிறச் சோபாக்கள். அம்மா நடுச் சோபாவின் நடுவில் இருந்தார். முதலில் விளிம்பில் இருந்தார், பிறகு பின்னால் தள்ளிச் சாய்ந்தார். கையால் துணியை ஒருமுறை தடவிப் பார்த்தார், தூசி இருக்கிறதா என்று பார்த்த மாதிரித்தான் இருந்தது. முகத்தில் பெரிய மகிழ்ச்சி ஒன்றும் தெரியவில்லை. பரிசோதிக்கிற முகம்.

குசினிப் பெண் பேரீச்சம்பழமும் கோப்பியும் கொண்டுவந்தாள். அந்தப் பிள்ளை கோப்பிக் கேத்திலைத் தானே வாங்கிக்கொண்டாள். வீட்டுக்காரி தன் கையால் ஊற்றுவது பெரிய மரியாதை. பிடியில்லாத சின்னக் கிண்ணம், அதில் இரண்டு மிடறு. ஊற்றுகிறவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். கிண்ணத்தை நீட்டினால் திரும்ப ஊற்ற வேண்டும். போதும் என்றால் விருந்தாளி கிண்ணத்தை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டிக் கொடுப்பார், அதற்குப் பிறகுதான் ஊற்றுகிறவர் நகரலாம். மூன்றுக்கு மேல் குடிப்பது அழகில்லை. இதையெல்லாம் விமானத்தில் அம்மாதான் எனக்குப் படிப்பித்தார்.

நான் ஒன்றோடு ஆட்டிவிட்டேன். அம்மா மூன்று குடித்தார். பிறகு ஆட்டாமல் கிண்ணத்தை நீட்டினார். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு ஊற்றினாள். அதையும் குடித்துவிட்டுத் திரும்பவும் நீட்டினார்.

“அம்மா, ஆட்டுங்கோ” என்று மெல்லச் சொன்னேன்.

“எனக்குத் தெரியும். நான் இதில எவ்வளவு காலம் நிண்டனான். அவ கொஞ்சம் நிக்கட்டும்.”

சிரித்த முகத்தோடு தமிழில் சொன்னார். அந்தப் பிள்ளை என்ன என்று கேட்க, அரபில் ஏதோ சொன்னார். கோப்பி நல்லாயிருக்கு என்று சொல்லியிருப்பார். அவள் மகிழ்ந்துபோய் இன்னும் ஊற்றினாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்தாள். அவளுடைய பாதங்கள் வீங்கியிருந்ததை நான் கண்டேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன பயன்?

அம்மாவும் அந்தப் பாதங்களைக் கண்டார். உடனே கிண்ணத்தை ஆட்டினார். அவளுடைய கையைப் பிடித்து இழுத்துத் தனக்குப் பக்கத்தில் இருத்தி, அவளுடைய கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்து அமத்தத் தொடங்கினார். வாய் ஓயாமல் அரபு. கால் வீங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று ஏசுகிறார் என்பது மொழி தெரியாமலே விளங்கியது. சோபாவில் இருந்து அம்மா அசையவில்லை. வந்த காரியத்தையும் விடவில்லை, பிள்ளையையும் விடவில்லை.

அந்தப் பிள்ளைக்கு இன்னும் யாரும் கோப்பி கொடுக்கவில்லை. அம்மா கேத்திலை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

“பிள்ளை, நீ எழும்பி அவவுக்கு ஊத்து.”

நான் எழும்பினேன். ஊற்றினேன். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கதைத்தபடியே குடித்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் கிண்ணத்தை நீட்டினாள். அவள் ஆட்டும் மட்டும் நான் நின்றேன்.