பஞ்சு பட்ட இடம்

ஏஞ்சலம்மாளுக்கு வலது தோளில் அக்கி வந்தபோது, ஊர் வழக்கப்படி குயவரிடம் எழுதிக்கொள்ளப் போனாள். மும்பை தாராவியில் குயவருக்கா பஞ்சம்? ஆனால் குயவர்பேட்டையான கும்பார்வாடாவில் அகப்பட்டவர் குஜராத்திக்காரர். புண்ணைச் சுற்றிக் காவியில் சிங்கம் வரைய வேண்டும் என்று இவள் தமிழிலும் இந்தியிலும் கையாலும் சொன்னாள். மனுஷர், பாவம், தெரிந்தவரை வரைந்தார். சிங்கம் பூனையாக வந்தது.

அக்கி ஆறிவிட்டது. எரிச்சல் மட்டும் வருஷக்கணக்காக ஆறவில்லை. துணி பட்டாலே உயிர் போகும். ஜாக்கெட்டின் வலக்கையை வெட்டிவிட்டுத்தான் கோயிலுக்கே போவாள். தையல்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சபையில் அவளுக்காக வருத்தப்பட்டார்கள்.

புருஷன் ஏசுதாஸ் வருத்தப்படவில்லை. “வேதக்காரி காவி பூசப் போனா இப்படித்தான். புண்ணே இல்ல, பொறவு என்னட்டி வலி? எல்லாம் நடிப்பு.”

தோளைவிட அந்த ‘நடிப்பு’தான் அவளுக்கு அதிகம் வலித்தது. ஆத்திரத்தை அவரிடம் காட்ட முடியுமா? கும்பார்வாடா வழியாகப் போகும்போதெல்லாம் குயவரை வைதாள். அவரும் வாழ்த்து என்று நினைத்துக் கும்பிட்டுக்கொள்வார்.

ஆறாத நரம்பு வலியை ஆராயும் டாக்டர் ஹரிதா, மாட்டுங்காத் தமிழ்ப் பெண், ஆராய்ச்சியில் சேரக் கூப்பிட்டபோது ஏஞ்சலம்மாள் புருஷனைக் காட்டி ஒன்றே ஒன்று கேட்டாள்: “இவரும் உள்ள வரணும்.”

ஹரிதா இடது தோளில் பஞ்சால் வருடினாள். ஒன்றுமில்லை. வலது தோளில் வருடினாள்.

“ஏசுவே!” நாற்காலியே சாய்ந்துவிட்டது.

ஏசுதாஸ் சிரித்தார். “பஞ்சுக்கா?”

ஹரிதா சிரிக்கவில்லை. “புண் ஆறிடுத்து மாமா, நரம்பு ஆறலை. எது பட்டாலும் வலின்னு மூளைக்குச் சொல்றது. அவாளுக்கு வலி நிஜம். மருந்தால குறைக்கலாம். முழுக்கப் போக்கற வழியைத்தான் தேடிண்டிருக்கோம்.”

அவர் வெகுநேரம் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷனுக்கு நடக்கையில் ஏஞ்சலம்மாள், “அந்தக் குயவர்ட்ட மன்னிப்பு கேக்கணும்,” என்றாள்.

ரயிலில் லேடீஸ் டப்பாவுக்குப் போக இருந்தவளை ஏசுதாஸ் தன்னோடு ஏற்றி, மூலையில் நிறுத்தி, இரண்டு கையையும் சுவரில் ஊன்றி, கூட்டத்தை முதுகில் வாங்கிக்கொண்டார். சும்மா நின்றிருந்த ஒருவனிடம் திரும்பி, “தக்கா மத் மாரோ! மேரி பீவிகோ தர்த் ஹை!” என்று கத்தினார்.

இடிக்கக் கூடாதாம், பெண்டாட்டிக்கு வலி இருக்கிறதாம். இத்தனை வருஷத்தில் தமிழில் வராதது இந்தியில் வந்துவிட்டது. ஏஞ்சலம்மாளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

அவர் பதறிப் பின்வாங்கினார். “பட்டுட்டாட்டி?”

“இல்ல,” என்றாள். “அப்படியே நில்லுங்க.”